புயீலாவுக்கு ஒருவழியாகக் கால் அமைந்தது

மூன்று மாத இழுபறிக்குப் பிறகு நேற்றிரவு நான் செய்துவரும் புயீலா உருவத்தின் பின்னங்கால் இரண்டும் சரிவந்துவிட்டன. புயீலா என்பது கடல்நாய்க் கிளையில் எப்போதோ அழிந்துபோன ஒரு விலங்கு. சந்தோசத்தில் தூக்கமே வரவில்லை.

உடம்பு எப்போதோ முடிந்தது. அரைவாசி அளவு: 110 சென்ரிமீற்றர் விலங்கு என் மேசையில் 55. மல்லுக்கட்டியது முழுவதும் விரலிடைச் சவ்வோடுதான். கடல்நாய்க் கிளையிலேயே துடுப்புக்கால் இல்லாமல் நான்கு காலில் நடந்த விலங்கு இது. விரலெலும்புகள் தட்டையாக இருப்பதை வைத்துத்தான் சவ்வு இருந்திருக்கும் என்கிறார்கள். சவ்வைக் கூட்டினால் இன்றைய கடல்நாய், விட்டுவிட்டால் தரைக் கீரி.

முதலில் கட்டுக்கம்பி போட்டேன். திருகோணமலைக் கடற்காற்று விடுமா? இரண்டே வாரத்தில் துரு ரிஷ்யூத் தாளுக்கு மேலே கசிந்து, எட்டுச் சவ்வும் வீண். அப்புறம் மோட்டர் சுற்றுகிற ஒருவரிடம் பழைய செம்புக்கம்பி வாங்கினேன். தடிப்பானதாகக் கேளுங்கள், மெல்லியது சவ்வின் இழுவைக்கு வளையும். சுத்தியலால் தட்டத் தட்ட அது தட்டையான விரலெலும்பாகவே மாறியது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்போதும் சவ்வு குடைத்துணிபோல் விறைத்து நின்றது. தம்பலகாமத்தில் சின்னம்மா வீட்டு வாத்தைப் பிடித்துக் காலை விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. சவ்வின் ஓரம் நேர்கோடு அல்ல, பிறைபோல் உள்ளே வளைகிறது. விரல் ஒடுங்கினால் மடிந்து தொங்குகிறது. “விடு பிள்ளை, பாவம் அது” என்று சின்னம்மா சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிஷ்யூவை இரண்டு படையாக வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டி, அரைகுறையாகக் காயும்போது ஈர்க்கால் நடுவில் மெல்ல அழுத்த வேண்டும். பிந்தினால் கிழியும். கச்சான் காற்று வீசும் நாளில் யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள், கண்மூடித் திறப்பதற்குள் விறைத்துவிடுகிறது.

புயீலா 2007 இல் கனடாவின் டெவன் தீவில், விண்கல் விழுந்த பள்ளத்து ஏரிப் படிவில் கிடைத்தது. 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. அது நன்னீர் ஏரி என்பதுதான் எனக்குப் பெரிது. கடலில் இறங்குமுன் இந்தக் கிளை ஆற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகியிருக்கலாம். ஆனால் நேரடி மூதாதை என்று எழுதாதீர்கள். இதே கிளையில் துடுப்புக்கால் வாய்த்த எனாலியார்க்டோஸ் என்ற இன்னொரு பழைய விலங்கு அதற்குள் பசிபிக் கரையில் நீந்திக்கொண்டிருந்தது.

வால் இன்னும் ஒட்டவில்லை. என்றாலும் பெருவின் பிஸ்கோ பாறைப் படிவில் கிடைத்த அக்ரோபோக்கா என்ற அழிந்துபோன நீள்கழுத்துக் கடல்நாய்க்குக் கம்பி வெட்டி வைத்துவிட்டேன்.