மணல் குடிச்ச தண்ணி

புளியரையில காலைல இருந்தே சாரல். ரோட்டோரம் ஒரு வீட்டுக்குத் தளம் போடுறாங்க, ஒரு மூட்டை கலவை மிஷின்ல. முதல் கலவையைக் கவுத்ததும் கஞ்சி மாதிரி ஓடுது.

“தண்ணி அளவாத்தானே ஊத்துனேன் அண்ணாச்சி!”னு மிஷின் ஓட்டுறவர் சொல்றாரு.

அளவு சரிதான். மணல் ஏற்கெனவே குடிச்சிருக்கு.

1:1½:3 கலவையில (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணல் ஏறக்குறைய 80 கிலோ. 5 சதவீத ஈரம்னாலே 4 லிட்டர் தண்ணி உள்ள வந்துரும். 25 லிட்டர் ஊத்துற இடத்துல 21 போதும். ஈர மணல் உப்பி நிக்கும், பெட்டியில அளந்தா மணலும் குறையும். அதை யாரும் பார்க்கிறதில்ல.

சிமெண்டை வேற முதல்ல தட்டுறாங்க. டிரம்மோட பின்பக்கம் அப்பிக்கும். சரியான வரிசை: கொஞ்சம் தண்ணி, பாதி ஜல்லி, அப்புறம் மணல், சிமெண்ட், மிச்ச ஜல்லி, மிச்சத் தண்ணி. எல்லாம் விழுந்த பிறகு 2 நிமிஷமாவது சுத்தணும். வேகத்தைக் கூட்டுனா கலவை டிரம் சுவரோட ஒட்டிச் சுத்துமே தவிர, புரண்டு விழாது.

மிஷினை நிறுத்தினதும் தெரிஞ்சுது: பிளேடுல விரல் தடிமனுக்குப் பழைய சிமெண்ட். அள்ளித் தூக்க வேண்டிய பிளேடு வழுக்கி விடுது. அன்னன்னைக்கு ரெண்டு சட்டி ஜல்லி, ஒரு வாளி தண்ணி போட்டு 5 நிமிஷம் சுத்த விட்டிருந்தா கழண்டிருக்கும்.

இப்போ சுத்தியலால தட்டுறாங்க. டிரம்தான் நசுங்குது.