கடலோர நகரங்களின் மீள்திறன்: ஆய்வுப் போக்குகளைத் தொகுத்த அனுபவம்

சூழல் நெருக்கடிகளைத் தாங்கி மீளக் கடலோர நகரங்களுக்குள்ள திறன் பற்றிய ஆய்வுகள் எத்திசையில் நகர்ந்துள்ளன என்பதைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து பதிவுகளை இறக்கி, இருமுறை வந்தவற்றை நீக்கி, குறிச்சொற்களை வட்டங்களாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் வரைபடமாக்கத் திட்டமிட்டேன்.

இறக்குவது எளிது, சலிப்பதுதான் வேலை. மீள்திறன் பற்றி உளவியலாரும் பொறியியலாரும் எழுதுவதால், தொடர்பற்ற கட்டுரைகளை ஆய்வுச்சுருக்கத்தைப் படித்தே விலக்க வேண்டியிருந்தது. குறிச்சொற்களோ இன்னும் பொறுமையைக் கேட்டன. ‘கடல்மட்ட உயர்வு’ என்பதற்கான ஆங்கிலத் தொடர், நடுவில் சிறுகோடு உள்ளதும் இல்லாததுமாக இரு தனி வட்டங்களாக நின்றது. இத்தகையவற்றை இணைக்கத் தனிப் பட்டியல் கோப்பு ஒன்றைத் தயாரித்த பிறகே வரைபடம் தெளிந்தது.

1973-இல் சூழலியலாளர் ஹாலிங் தம் துறையில் முன்வைத்த மீள்திறன் கருத்து, நகரத் திட்டமிடலில் ஊன்றியது பின்னாளில்தான். அமெரிக்காவைத் தாக்கிய 2005-இன் கத்ரீனா, 2012-இன் சாண்டி புயல்களுக்குப் பிந்தைய கட்டுரைகள் அதைக் காட்டின. முந்தைய கட்டுரைகளில் கடற்சுவரும், ஓரிடம் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதை அளக்கும் பாதிப்புக் குறியீடுகளும் மேலோங்க, அண்மைக் காலத்தவற்றில் சதுப்புநிலக் காடுகளும், மழை, ஆறு, கடல் மூன்றும் சேர்ந்து விளைவிக்கும் கூட்டு வெள்ளமும் முன்வந்தன.

எனக்கு உறுத்தியது நிலம் தாழ்வது பற்றிய இடைவெளி. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்ததாக, காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா.வின் அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி-யின் ஆறாம் மதிப்பீட்டறிக்கை கூறுகிறது. நிலத்தடி நீர் உறிஞ்சப்படும் வட ஜகார்த்தாவின் சில பகுதிகளிலோ நிலம் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் அளவில் தாழ்ந்திருக்கிறது. அங்கே வெள்ளத்தை நெருங்கச் செய்வதில் கடலைவிட நிலத்தின் பங்கே பெரிது. ஆயினும் செயற்கைக்கோள் ரேடார் மூலம் இதை அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் புவியறிவியல் இதழ்களில், மீள்திறன் என்ற குறிச்சொல்லே இல்லாமல் வெளியாகின்றன. ஆகவே அவற்றுக்கெனத் தனித்தேடல் நடத்தி, முடிவுகளை முதல் தொகுப்போடு கலக்காமல் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் இணைக்கும் மேற்கோள்கள் மெல்லியதாகவே இருந்தன.

கட்டுரை எண்ணிக்கை ஆபத்தின் அளவுகோலன்று என்பதையும் அறிக்கையில் வலியுறுத்தினேன். நியூயார்க்கும் ராட்டர்டாமும் அடிக்கடி தென்பட, நைஜீரியாவின் லாகோஸ் அரிதாகவே தென்பட்டது. உள்ளூர் மொழிகளில் மாநகராட்சிகள் வெளியிடும் அறிக்கைகளைத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். தேடல் தொடர்களையும், தேடிய நாளையும், நீக்கிய பதிவுகளுக்கான காரணங்களையும் பின்னிணைப்பாக்கி அறிக்கையை ஒப்படைத்தேன்.