குழலில் உள்ள பெயர் யாருடையது?

அமெரிக்காவில் இன்று கையால் செய்யப்படும் லாங்ரைஃபிளில் (வாய்வழி வெடிமருந்து நிரப்பும் நீண்ட குழல் துப்பாக்கி) செய்தவர் யார் என்று தேடும்முன், ராம்ராடை (மருந்தை இடிக்கும் கோல்) குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் கோலில் குறியிடுங்கள். கோலை வெளியே குழல்மேல் வைத்து அளக்கும்போது, குறி குழல்வாயில் இருக்க அதன் நுனி டச்ஹோல் (மருந்துக்குத் தீ செல்லும் பக்கத் துளை) வரை எட்டாவிட்டால் உள்ளே வெடிமருந்து இருக்கலாம். அப்படியானால் எதையும் கழற்றாதீர்கள்.

செய்தவரின் கையெழுத்து பெரும்பாலும் எட்டுப்பட்டைக் குழலின் மேல்பட்டையில், பின் சைட்டுக்கும் (குறிபார்க்கும் பின் காடி) பிரீச்சுக்கும் (குழலின் மூடிய பின்முனை) இடையே வெட்டப்பட்டிருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்: கிரீன் மவுண்டன், கோலரைன், ரைஸ் என்பவை குழல் தயாரிப்பாளர்களின் பெயர்கள். லாக்கில் (சுடும் பொறியில்) சைலர் என்றிருந்தால் அது லாக்கை மட்டுமே குறிக்கும்.

மேலே எதுவும் இல்லையா? பேட்ச்பாக்ஸ் (பின்கட்டையில் உள்ள சிறு பெட்டி) மூடியின் உட்புறம், லாக் பதியும் குழி, குழலின் அடிப்பட்டை ஆகியவற்றைப் பாருங்கள். குழலை எடுக்க டாங் (குழலின் பின்முனை நாக்கு) திருகைக் கழற்றி, பஞ்ச் எனும் சிறிய உலோகக் கம்பியால் குழலைக் கட்டையோடு பிணைக்கும் குறுக்கு ஊசிகளை மெதுவாகத் தட்ட வேண்டும். குழலைத் தாங்கும் முன்கட்டை மிக மெல்லியது. அவசரப்பட்டால் ஊசித்துளை ஓரம் சில்லாகப் பெயரும். மங்கிய எழுத்தைத் தேய்க்கவே வேண்டாம், சாய்வான வெளிச்சமே போதும்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பாணி என்பதால் அங்கே செய்தது என்று சொல்லிவிட முடியாது. இன்றைய கைவினைஞர் எங்கிருந்தும் அந்தப் பாணியில் செய்வார். செதுக்கலில் இலைச்சுருளின் முடிவு, எழுத்து வெட்டிய விதம், இவையே அவருடைய கைரேகை. 1996-ல் தொடங்கிய கன்டெம்பரரி லாங்ரைஃபிள் அசோசியேஷன் என்ற அமைப்பின் உறுப்பினர்களிடம் இவற்றைப் படமெடுத்துக் காட்டுங்கள்.