போர் வாளும் போர்த் தண்ணீரும்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீடு. வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர். நல்ல தண்ணீர் வண்டியில் வரும், குடம் 10 ரூபாய். போர்க் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். எது சோற்றுக்கு, எது பாத்திரத்துக்கு என்பதில் அம்மாவின் சட்டம் கறாரானது. ஆனால் வாள் உறைக்கு எது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கூடப் படித்தவன் ஒருவன் பார்சலில் வாள் வரவழைத்தான். பயப்பட வேண்டாம், கூர் போடாத நகல் வாள். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டுக் குதிரை வீரர்கள் இடுப்பில் கட்டிய ஒருகை வாளைப் பார்த்துச் செய்தது. மூன்றடி நீளம், ஒன்றேகால் கிலோ எடை. செய்த இடம் என்னவோ டேராடூன். இந்த மாதிரி வாள்கள் அங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியே ஆகின்றன. வாள் வந்தது, உறை வரவில்லை.

"மாப்ள, நீதான் பர்ஸெல்லாம் தைக்கிறியே, இதுக்கும் ஒண்ணு தச்சிரு" என்றான்.

தோலை மடித்து ஓரத்தைத் தைத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். படிக்க உட்கார்ந்தபோது தெரிந்தது, அந்தக் காலத்து உறைக்கு எலும்பே மரம் என்று. இரண்டு மெல்லிய பலகைகளை உள்பக்கம் குடைந்து ஒன்றாக ஒட்டி, மேலே துணி சுற்றி, அதன்மேல் ஈரத் தோலை இழுத்துப் பின்பக்கம் தைக்க வேண்டும். தோல் காயும்போது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். சில பழைய உறைகளுக்கு உள்ளே ஆட்டுக் கம்பளியும் வைத்திருக்கிறார்கள். கம்பளியில் ஒரு கொழுப்பு உண்டு. அது இரும்பில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

பலகைக்குக் கஷ்டமில்லை. படகு கட்டும் ஆசாரியிடம் கேட்டேன். மிச்சக் கட்டையில் இரண்டு பட்டை இழைத்துக் கொடுத்துவிட்டு, "துடுப்பு ரொம்ப ஒல்லியா இருக்கே தம்பி, தண்ணிய வலிக்காதே" என்று கவலைப்பட்டார். துடுப்பு இல்லை, வாள் உறை என்றேன். இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டார்.

கம்பளிதான் சிக்கல். நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். இந்த வெயிலில் அதுவாவது புத்தியோடு இருக்கிறதே. கடைசியில் அப்பா காசி யாத்திரைக்கு வாங்கி, ஒரே ஒரு முறை போட்ட குரங்குக் குல்லாவை வெட்டி ஒட்டினேன். அதில் கொழுப்பு எதுவும் மிச்சமில்லை, நாப்தலின் உருண்டை வாசம்தான் இருந்தது. அப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்தது. செருப்பு மேல்தோல் மாதிரி குரோமியத்தில் பதனிட்டது இதற்கு உதவாது. நனைத்து இழுத்தால் வடிவம் நிற்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் களிமண் மாதிரி இளகி, காய்ந்ததும் அப்படியே இறுகும். சரி, இனி ஊற வைக்க வேண்டும். நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"குடிக்கிற தண்ணியில செருப்பா ஊற வைக்கப் போற?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செருப்பு இல்லம்மா, வாளோட உறை."

"எதா இருந்தா என்ன, தோல்தானே. குடத்தை வை."

வைத்தேன். பிளாஸ்டிக் வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்ததால், துருப்பிடித்த பழைய இரும்பு வாளியில் போர்த் தண்ணீரைப் பிடித்துத் தோலை முக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தேன் நிறத் தோலில் மைக்கறை மாதிரி கருநீலத் திட்டுகள். மாதிரி என்ன, மையேதான். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும். நான் வாளியில் காய்ச்சிவிட்டேன். திட்டுத் திட்டாக இருப்பதற்கு முழுக்கக் கறுப்பாகிவிட்டால் கௌரவம் என்று இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். நண்பனிடம், "பழைய முறைப்படி கறுப்பேத்தியிருக்கேன்" என்றேன். பாதி உண்மை. இரும்புத்தூளைக் காடியில் ஊற வைத்துத் தோலைக் கறுப்பாக்கும் வழக்கம் இருந்தது. அவர்கள் தெரிந்து செய்தார்கள்.

தையலுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் போனேன். குத்தூசியைக் கையில் எடுத்தவர் நீளத்தைப் பார்த்து, "எந்தக் காலுக்கு?" என்றார். இரண்டு ஊசி போட்டு, மெழுகு நூலில் ஒன்றரை மணி நேரம் தைத்தார். பின்பக்கத் தையல் நூல் பிடித்தது போல வந்தது. சொல்லப்போனால் அந்த உறையில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

மரம் வளைந்துவிடக் கூடாது என்று, முழுக்கக் காய்வதற்கு முன்பே வாளைச் செருகிச் சுவரில் மாட்டி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து நண்பன் வந்தான். உறை முழுக்க வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. வாளை இழுத்தான், வரவில்லை. நான் உறையைப் பிடிக்க, அவன் கைப்பிடியைப் பிடிக்க, தேர் இழுப்பது போல முற்றத்தில் இழுத்தோம். ஒருவழியாக வந்தபோது வாளில் முக்கால்வாசி துரு, மீதி இடத்தில் குரங்குக் குல்லா.

சத்தம் கேட்டு வந்த அம்மா அந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "உப்பு பூத்திருக்குடா. கருவாட்டுலயும் இப்படித்தான் பூக்கும். எந்தத் தண்ணியில ஊற வச்ச?"

"போர்த் தண்ணியில."

"போர் வாளுக்குப் போர்த் தண்ணி, பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றான் நண்பன், துருவைச் சுரண்டிக்கொண்டே.

வாளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து மீட்டோம். உறையை மீட்க முடியவில்லை. அப்புறம் படித்ததில், நல்ல தண்ணீரில் செய்த உறையாக இருந்தாலும் வாளை அதிலேயே மாதக்கணக்கில் விடக் கூடாதாம். தோலின் புளிப்பும் ஈரமும் இரும்பைத் தின்னும். வெளியே போகும்போது மட்டும் உறை. வீட்டில் வாள் தனி, உறை தனி. எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு இதைக் கல்வெட்டில்தான் வெட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது உறைக்கு அம்மாவே பிளாஸ்டிக் வாளியைக் காலி செய்து, நல்ல தண்ணீரை ஊற்றினார். இளகிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் நாட்காட்டியில் பால் கணக்குக்குக் கீழே பார்த்தேன்: "வாள் – 3 குடம் – 30 ரூ." பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நண்பனின் பெயர்.