குரூப் டூரின் கடைசி நாட்கள்: நெதர்லாந்தில் நேரம் எங்கே கரைகிறது

ஐரோப்பா குரூப் டூர்களில் நெதர்லாந்துக்குப் பெரும்பாலும் வால் பகுதிதான் கிடைக்கிறது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் முடித்துவிட்டு கோச் வடக்கே ஏறும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். டூர் கம்பெனி தரும் தாளில் இந்த நாட்கள் ஓய்வாகத் தெரியும்: மதுரோடாம், டியூலிப் தோட்டம், காற்றாலை, படகு, ஷாப்பிங். நாடும் சின்னதுதான், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது அபூர்வம். அப்படியும் திட்டம் அதிகம் குலைவது இங்கேதான்.

முதல் காரணம் ஓட்டுநரின் வேலை நேரம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கோச் ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நாள் வேலையை முடித்து மறுநாள் தொடங்க இடையில் 11 மணி நேர ஓய்வு. இதை 9 மணியாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று தடவைதான். பாரிஸில் இரவு விளக்கு பார்க்கப் போன அன்று ஒன்று, ஸ்விட்சர்லாந்திலிருந்து நீண்ட பயணம் வந்த அன்று ஒன்று என்று இந்தச் சலுகை வழியிலேயே செலவாகிவிடும். நெதர்லாந்து வரும்போது பையில் எதுவும் இருக்காது. ஆகவே இரவு 9.30க்கு ஹோட்டலுக்கு வந்தால் காலை 8.30க்கு முன் வண்டி நகராது. எல்லாம் டேகோகிராஃப் கருவியில் பதிவாகிறது, போலீஸ் நிறுத்திச் சோதித்தால் அபராதம். கடையில் ஒருவர் கால் மணி நேரம் தாமதித்தால் அது மறுநாள் காலைப் புறப்பாட்டிலிருந்து கழியும். டூர் மேனேஜர் கடுகடுப்பதற்குக் காரணம் இதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹேக் நகரின் மதுரோடாமில் ஒன்றரை மணி நேரம் போதும். நாட்டின் முக்கியக் கட்டடங்கள் 25இல் ஒரு பங்கு அளவில் நிற்கின்றன. 1952இல் திறந்தார்கள். டாக்காவ் வதைமுகாமில் 1945இல் இறந்த ஜார்ஜ் மதுரோ என்ற இளைஞரின் நினைவாக, அவருடைய பெற்றோர் கொடுத்த பணத்தில் தொடங்கியது. திறந்தவெளி என்பதால் மழை வந்தால் ஒதுங்க இடம் குறைவு. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. கடற்கரை ஊர்க் காற்று குடையைத் திருப்பிவிடும். மதியச் சாப்பாடு உங்கள் கையில் விட்டிருந்தால் ஹேக்கில் சுரிநாம் ரொட்டிக் கடைகளைத் தேடுங்கள். 1873 முதல் சுரிநாமுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள், 1975இல் அந்த நாடு விடுதலை பெற்ற சமயத்தில் பெருமளவில் இங்கே வந்து குடியேறினார்கள். மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய், சைவத்துக்கும் கிடைக்கும். பத்து நாளாக ஒரே பன்னீர் கிரேவி சாப்பிட்ட நாக்குக்கு இது விடுதலை.

ஹேக்கிலிருந்து டியூலிப் தோட்டத்துக்கு ஏ44 சாலையில் போனால் லெய்டன் நகரின் ஓரமாகப் போவோம். பெரும்பாலான குழுக்களில் அந்த ஊரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை அளித்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது இந்த ஊரின் பல்கலைக்கழகத்தால்தான். கோரமண்டல் கரையில் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கப்பலேறியவை, 19ஆம் நூற்றாண்டில் இங்கே போய்ச் சேர்ந்தன. டிக்கெட் எடுத்துப் பார்க்கிற காட்சிப்பொருள் என்று நினைத்து இறங்கக் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயர்ப் பலகை வரும்போது மைக்கில் இரண்டு நிமிடம் சொல்லலாம்.

லிஸ்ஸே ஊரில் இருக்கும் கியூக்கன்ஹாஃப் டியூலிப் தோட்டம் மார்ச் பிற்பாதியிலிருந்து மே நடுப்பகுதிவரை மட்டும் திறந்திருக்கும். ஜூனில் டூர் போட்டுக்கொண்டு "டியூலிப் பார்க்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். 32 ஹெக்டேர், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். டிக்கெட்டில் நுழைவு நேரம் குறித்திருக்கும். குழுவுக்கு இரண்டரை மணி நேரம் கொடுத்தால், முதல் நாற்பது நிமிடம் நுழைவாயில் அருகிலேயே போட்டோவில் போய்விடுகிறது. நேரே உள்ளே நடந்து, தோட்டத்துக் காற்றாலையின் மேடையில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் படம் எடுப்பதே மேல். அங்கிருந்து வெளியே பண்ணை வயல்களும் தெரியும்.

அந்த வயல்கள் சில சமயம் மொட்டையாக இருக்கும். பூத்து முடிந்து உதிரவில்லை, விவசாயிகளே மெஷின் விட்டுப் பூத்தலையை வெட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய விளைச்சல் கிழங்கு. பூவை விட்டுவைத்தால் சத்து விதைக்குப் போய்க் கிழங்கு சிறுத்துவிடும். தோட்டத்துக்குள் இந்தக் கவலை இல்லை. முன்பின் பூக்கும் வகைகளை அடுக்கடுக்காக நடுவதால் ஒன்று வாடினால் அடுத்தது எழும். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். செருப்பில் ஒட்டும் மண்ணோடு நோயும் வயல் மாறும்.

கிழங்கு வாங்கிவரும் ஆசை எல்லாருக்கும் வரும். தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். தப்பி வந்தாலும் பயனில்லை. டியூலிப் பூக்க மூன்று மாதத்துக்குக் குறையாத கடுங்குளிர் வேண்டும். சென்னையில் அது ஃபிரிட்ஜில்தான் கிடைக்கும்.

காற்றாலைக்கு இரண்டு தேர்வுகள். ரோட்டர்டாம் பக்கத்துக் கிண்டர்டைக்கில் 19 ஆலைகள், பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில். தாழ்ந்த வயலில் தேங்கும் நீரைத் துடுப்புச் சக்கரத்தால் இறைத்து மேல் கால்வாய்க்கு ஏற்றி, அங்கிருந்து ஆற்றுக்கு விடுவது இவற்றின் வேலை. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான்ஸ ஸ்கான்ஸில் இருப்பவை தொழிற்கூடங்கள்: எண்ணெய் ஆட்டுவது, மரம் அறுப்பது, சாயக் கல் அரைப்பது. டி காட் என்ற ஆலைக்குள் பெரிய கல்லுருளைகள் சுண்ணாம்புக் கல்லை நசுக்குவதை அரை அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். தரை அதிர்கிறது, சட்டை வெள்ளையாகிறது. நம்மூர்ச் செக்கைப் படுக்கவைத்து மேலே காற்றைப் பூட்டியது மாதிரி. குழுக்கள் இங்கே மரச்செருப்புப் பட்டறையும் சீஸ் கடையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஆலைக்குள் போகத் தனி டிக்கெட் என்பதால் தாளில் அது இருக்காது. செருப்பு செய்முறை பத்து நிமிடம், அதை விட்டாலும் நஷ்டமில்லை. ஆலை விடக்கூடாது. ஏணி மிகச் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிற்கலாம். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும்.

சீஸ் வாங்கும் சைவர்களுக்கு ஒரு சொல்: பாரம்பரிய கௌடா பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைத்தது. "வெஜிடாரிஷ் ஸ்ட்ரெம்செல்" (சைவ ரென்னெட்) என்று கேட்டு, லேபிளில் காட்டச் சொல்லுங்கள். காற்று நீக்கி மூடிய கெட்டி சீஸ் பெட்டியில் பத்திரமாக வரும். மென்மையான சீஸ் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் சேரும், 100 மில்லிக்கு மேல் பிடுங்கிவிடுவார்கள்.

வோலன்டாம் அழகான மீன்பிடித் துறை, அரை மணி நேரம் தாராளம்.

ஆம்ஸ்டர்டாமில் திட்டமே நடைதான். ஏழரை டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாக் கோச்சுகள் 2024 ஜனவரி முதல் நகர மையத்தைச் சுற்றும் எஸ்100 வளையச் சாலைக்குள் வரக்கூடாது. வயதானவர்கள் இருந்தால் இதை முன்பே கேட்டு வையுங்கள்: இறக்கும் இடத்திலிருந்து படகுத்துறை எத்தனை நிமிட நடை, டிராம் உண்டா? டிராமில் வங்கி கார்டைத் தட்டி ஏறலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். கணவன் மனைவி ஒரே கார்டைத் தட்டினால் இரண்டாவது தட்டல் இறங்கியதாகப் பதிவாகிவிடும். செம்மண் நிறத் தார் போட்டிருப்பது சைக்கிள் பாதை. குழுவாக நின்று கைடு பேசுவதைக் கேட்கத் தோதான அகலம் அதற்கு இருப்பதுதான் ஆபத்து. மணியடித்துக்கொண்டு வருபவர் வேகம் குறைக்க மாட்டார்.

படகில் ஒரு மணி நேரம். வீடுகளின் உச்சியில் கொக்கி மாட்டிய உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், பல வீடுகள் முன்பக்கம் சாய்ந்தும் இருக்கும். படி குறுகல் என்பதால் பீரோவும் கட்டிலும் கயிற்றில் ஜன்னல் வழியாகத்தான் ஏறும். சாய்வு இருந்தால் சுவரில் இடிக்காது. ஊரே மரத்தூண் மேல் நிற்கிறது. டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659.

நாஜிகளுக்கு ஒளிந்து நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டை இணையத்தில் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஷாப்பிங் நேரத்தை அதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஊரிலிருந்தே எடுக்க வேண்டும். வைரப் பட்டறையை "இலவசம்" என்று சேர்த்திருந்தால் அது கடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 27 அரசர் தினம், அந்தத் தேதி ஞாயிறானால் 26. அன்று நகர மையத்தில் வண்டியும் டிராமும் ஓடாது, அந்தத் தேதியில் ஆம்ஸ்டர்டாம் இருக்கும் டூரைத் தவிர்ப்பது நல்லது.

கடைசி இரவில் நடக்கும் பெரிய தவறு கோச்சிலேயே பொருளை விட்டுவிடுவது. பல டூர்களில் கோச் அன்று மாலையோடு விடைபெறும். மறுநாள் விமான நிலையத்துக்கு ஹோட்டல் ஷட்டில். தலைக்கு மேல் தட்டு, இருக்கைக்கு முன் வலைப்பை, கீழே லக்கேஜ் அறை மூன்றையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். வண்டி அடுத்த குழுவுக்காக வேறு நாட்டுக்குப் போயிருக்கும். மிச்சமிருக்கும் தண்ணீர் பாட்டில்களையும் எறியாதீர்கள், சின்னதுக்கு 15 சென்ட் டெபாசிட் சூப்பர் மார்க்கெட் மெஷினில் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் வாங்கியதே அநாவசியம்.

ஸ்கிபோலில் முதல் வேலை, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது. ஒரு ரசீதுக்கு 50 யூரோவாவது வாங்கியிருக்க வேண்டும். வரி 21 சதவீதம் என்றாலும் அது விலைக்குள் அடங்கியது: 121 யூரோ பொருளில் வரி 21, அதிலும் இடைத்தரகு நிறுவனம் கட்டணம் பிடிக்கும். உணவுப் பொருளுக்கு 9 சதவீதம்தான். பெட்டியில் போகும் பொருளென்றால் செக்-இன் செய்யும் முன்பே சுங்க கவுண்டரில் காட்ட வேண்டும், அதனால் பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்ற முறையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் முகமும் கைரேகையும் பதிவாகின்றன. அந்த வரிசை பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு வருகிறது, அதன் பின் இ, எஃப், ஜி கேட்டுகளுக்கு நீண்ட நடை. மூன்று மணி நேரம் முன்பே போவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

ஓடுபாதைகள் கிடக்கும் இடம் ஒருகாலத்தில் ஹார்லெம்மர்மேர் என்ற ஏரி. மூன்று நீராவிப் பம்பு நிலையங்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இறைத்து 1852இல் வற்றவைத்தார்கள். விமான நிலையம் இன்றும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேதான். அந்தப் பம்புகளில் ஒன்றான குருக்கியுஸ் இப்போது அருங்காட்சியகம், விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. மாலை விமானமாக இருந்தால் கடைசி நாள் காலையை மாலில் கழிப்பதைவிட அங்கே போகலாம். ஷட்டில் போகாது, டாக்சி எடுக்கலாம்.