மலையிறக்கத்தில் ராணுவ லாரி

2022 டிசம்பரில் வடக்கு சிக்கிமின் ஜெமாவில், செங்குத்தான வளைவில் ராணுவ லாரி பள்ளத்தில் விழுந்து 16 வீரர்கள் இறந்தார்கள். இத்தகைய சாலைகளில் பிரேக் சூடு பெரிய ஆபத்து.

இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் மாற்றப்போய் கியர் விழாவிட்டால் இன்ஜின் பிடிப்பே போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுக்கொண்டு, வேகம் ஏறும்போது மட்டும் பிரேக் மிதியை அழுத்தி, மணிக்கு 8 கி.மீ. குறைந்ததும் விடுங்கள். மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூட்டில் விரியும், அதை உரசி நிறுத்தும் லைனிங் பிடிக்காது.

பிரேக்கை இயக்கும் காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். லடாக் குளிரில் அது உறைந்து வால்வை அடைக்கும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வீரர்கள் உட்காரும் பின்பக்க பெஞ்ச்தான். வண்டி உருண்டால் பெல்ட் இல்லாதவர் வெளியே வீசப்படுவார், தார்ப்பாய் தடுக்காது. ஆளுக்கொரு பெல்ட்டும், மேலே உருள்தாங்கும் இரும்புச் சட்டமும் கட்டாயம் வேண்டும். சரக்கையும் ஆட்களையும் ஒரே பெட்டியில் ஏற்றவே கூடாது.