கதவுக்குள்தான் இருந்தது பேஸ்

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். பாட்டு இல்லாமல் எனக்கு அந்த ரோடு ஓடாது. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே குரல் பிசிறடித்தது. ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை.

ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட், 4 சேனல் என்று போட்டிருக்கும். அது கண நேர உச்சம். தொடர்ந்து தருவது, அதாவது ஆர்எம்எஸ், பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான். அதற்கு மேல் திருகினால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தப் பிசிறு அதுதான். அதனால் ஒலியின் சக்தியைக் கூட்டித் தரும் தனி ஆம்ப்ளிஃபையர் வைத்தேன். அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இந்த ஃபியூஸில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அது இல்லாமல் ஒயர் உரசி கார் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

அப்புறம் கதவு. உள்பேனலைக் கழற்றினால் தகரத்தில் கை நுழையும் அளவு ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அது வழியாக முன்னால் வந்து, முன்பக்க பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, அழித்துவிடுகிறது. ஓட்டைகளை அடைத்து, தகரத்தில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி ரோலரால் அழுத்தினோம். அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிட்டோம். 'டங்' என்ற கதவு இப்போது தட்டினால் 'தொப்' என்கிறது.

ஸ்பீக்கர் அதே பழைய ஆறரை அங்குலம்தான். மறுநாள் காலை கிணத்துக்கடவு தாண்டும்போது தவிலின் தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுந்தது.